கலவையில் கை வைக்கிறவர்களுக்கு: கிளவுஸ், கழுவுதல், தூசி. சின்னத் தளத்தில் எது உண்மையில் நடக்கும்?

#1 ரசமட்டம்

தரைத்தளமும் முதல் மாடியுமாக ஒரு வீட்டு வேலை. கொத்தனார் 4, பெரியாள் 4, சித்தாள் 4. ரெடிமிக்ஸ் கிடையாது. கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டை மிக்சர் மெஷின், பூச்சுக்குக் கையால்தான் கலவை. இனிமேல் பூச்சு, தரை, டைல்ஸ் என்று எல்லாமே ஈரச் சிமெண்ட் வேலை.

நாலு சந்தேகம். கிளவுஸ் வாங்கிக் கொடுத்தாலும் "கரணை பிடி கிடைக்கல" என்று கழற்றி விடுகிறார்கள். எந்த வகை வாங்குவது? வேலைக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்கிறார்களே, சரியா? கண்ணில் தெறித்தால் தளத்தில் என்ன தயாராக இருக்க வேண்டும்? மாஸ்க் எது?

பெரிய கம்பெனிக்கான நாற்பது பக்கப் பட்டியல் வேண்டாம். 12 பேர் தளத்தில் நடக்கக்கூடியதைச் சொல்லுங்கள்.

#2 கரணை

தோலைப் பொறுத்தவரை மூட்டையில இருக்கிற தூளைவிட நனைஞ்ச சிமெண்ட்தான் மோசம். தண்ணி பட்டதும் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீத்துன சுண்ணாம்பு உண்டாகுது. கலவைத் தண்ணியோட பிஎச், அதாவது அமிலமா காரமான்னு காட்டுற எண், 12-லேர்ந்து 13 வரைக்கும் போகும். நம்ம தோலு 5 பக்கம். பிஎச்சுல ஒரு எண் ஏறினா காரம் பத்து மடங்கு ஏறுதுன்னு கணக்கு. ஏழு எண் வித்தியாசம்னா ஒரு கோடி மடங்கு.

"சிமெண்ட் கையை அரிச்சிருச்சு"ன்னு சொல்றோமே, அது ரெண்டு நிமிஷத்துல நடக்கிற வேலை இல்ல. தெறிச்சு உடனே கழுவினா ஒண்ணும் ஆகாது. ஒட்டிக்கிட்டு நிக்கிற கலவைதான் சுடும். அதனால "எவ்வளவு பட்டுது"ன்னு பார்க்காதீங்க, "எங்க தேங்கி நிக்குது"ன்னு பாருங்க. பூட்ஸுக்குள்ள, கிளவுஸுக்குள்ள, முழங்கால் துணியில, கைக்கடிகார வார் அடியில, மோதிரத்துக்கு அடியில, மணிக்கட்டுல கட்டின சாமிக் கயித்துல, அரைஞாண் கயித்துல. சித்தாளுங்களுக்கு மெட்டி, கொலுசு. கயிறு சிமெண்ட் பாலைக் குடிச்சு வச்சுக்கும். சாயந்திரம் குளிக்கிற வரைக்கும் தோலை விடாது. மோதிரம், கடிகாரம், கையில கட்டின கயிறு மூணையும் வேலைக்கு முன்னாடி கழட்டச் சொல்லுங்க. மெட்டியைக் கழட்ட மாட்டாங்க, அதை வற்புறுத்த வேண்டாம். காலுக்கு கம்பூட்ஸ் கொடுத்தா அந்தப் பிரச்சினையே இல்ல.

கிளவுஸுக்கு வரேன். தளங்கள்ல அதிகமா பார்க்கிறது உள்ளங்கையில மட்டும் ரப்பர் முக்கின நைலான் கிளவுஸ். செங்கல் தூக்க, கம்பி கட்ட அது நல்லது. கலவைக்குக் கூடவே கூடாது. முதுகுப் பக்கம் வெறும் துணி, பாலைக் குடிச்சு நாள் முழுக்கப் புறங்கையில ஒட்டிக்கும். பருத்தி, தோல் கிளவுஸும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில போடுற மெல்லிசு நைட்ரைல், மணல் உரசி கொஞ்ச நேரத்துல கிழிஞ்சிடும்.

வேணுங்கிறது: முழுக்க முக்கின நைட்ரைல் இல்ல பிவிசி, உள்ள பின்னல் துணி வச்சது, நீளம் 30 செ.மீ.க்குக் குறையாம. கொத்தனாருக்கு விரல் ஒட்டி நிக்கிற நைட்ரைல், அளவு பார்த்து. கலவை கலக்குற, சட்டி கைமாத்துற ஆளுக்கு தடிச்ச பிவிசி. "பிடி கிடைக்கல"ங்கிற புகார்ல பாதி அளவுப் பிரச்சினை. கடையில ஒரே அளவா ஒரு கட்டு வாங்கி வந்தா சித்தாள் கையில அது தொளதொளன்னு நிக்கும். 8, 9, 10 மூணு அளவிலயும் கலந்து வாங்குங்க.

#3 தூக்குக்குண்டு

எல்லாம் சரி. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உள்பூச்சுல மணியாசுக்கட்டை பிடிச்சு மட்டம் பார்க்கிற கொத்தனார் விரல்ல தொட்டுத்தான் சுவரைப் படிப்பார். அவரு கையில தடி கிளவுஸைக் கொடுத்தா மத்தியானத்துக்குள்ள அது சாரத்துல தொங்கும். தலைமுறை தலைமுறையா எண்ணெய் தடவிட்டுத்தான் வேலை நடக்குது. முற்றிலும் வீண்னு சொல்ல முடியுமா?

#4 தோல்மருத்துவம்

எண்ணெய் பற்றி. ஈரக் காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சவர்க்காரம் காய்ச்சும்போது நடப்பதுதான் தோலிலும் நடக்கும். தடவிய எண்ணெய் கரைந்து போகும், அதற்கடுத்துத் தோலின் சொந்தக் கொழுப்பும் கரையத் தொடங்கும். மணல் உரசலில் மிச்சமும் போய்விடும். ஆக, வேலைக்கு முன் எண்ணெய் என்பது கவசம் ஆகாது. கடையில் விற்கும் பாதுகாப்பு கிரீம்களுக்கும் இதே பதில்: கிளவுஸுக்கு மாற்று இல்லை. அதே எண்ணெயை வேலை முடிந்து, கை கழுவி, துடைத்த பிறகு தடவினால் நல்ல பலன். வாசனை சேர்க்காத வாசலினும் போதும். இழந்த கொழுப்பைத் திரும்பக் கொடுப்பதால் வெடிப்பு குறையும். நேரம்தான் தவறு, பொருள் தவறில்லை.

காரம் ஏன் ஆழமாகச் சுடுகிறது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். அமிலம் தோலின் புரதத்தை உறைய வைக்கும். அந்த உறைந்த அடுக்கே ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் திசுவை இளக்கிக்கொண்டே உள்ளே போகும். ஆரம்பத்தில் வலி குறைவு. பூட்ஸுக்குள் பால் புகுந்தவர் வேலையை முடித்துவிட்டுச் சாயந்திரம் கழற்றும்போதுதான் தோல் நிறம் மாறியிருப்பது தெரியும். சாம்பல், பழுப்பு அல்லது கறுப்பு நிறம், தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது ஆழமான தீப்புண். மஞ்சள், பற்பசை, நெய் எதையும் பூசாமல் நேராக மருத்துவமனை. "தீ படவே இல்லையே" என்று தாமதிப்பதுதான் வழக்கமான தவறு.

கையில் வரும் சொறி இரண்டு வகை. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடையில் களிம்பு வாங்கிப் போடுகிறவர்கள் அதிகம்.

ஒன்று எரிச்சல் வகை. காரமும் உரசலும் சேர்ந்து தோலை வறட்டி வெடிக்க வைப்பது. யாருக்கும் வரலாம். வேலைக்குப் போகாமல் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாகத் தேறும்.

இன்னொன்று ஒவ்வாமை வகை. சிமெண்ட்டில் கரையக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியம் மிகச் சிறிய அளவில் உண்டு. அது தோலுக்குள் புகுந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்; உடம்பு அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். வருஷக் கணக்கில் ஒன்றும் ஆகாமல் வேலை செய்தவருக்கும் திடீரென்று வரும். வந்தபின் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. துளி பட்டாலும் திரும்பக் கிளம்பும், படாத இடத்துக்கும் பரவும். பொட்டாசியம் டைகுரோமேட்டை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் பரிசோதனையில் தெரியும். 2 நாள் கழித்து ஒருமுறை, 4 நாள் வாக்கில் மறுமுறை பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுகளில் கேட்டுப் பாருங்கள்.

இவை இரண்டும் தனித்தனிக் கதையும் அல்ல. எரிச்சலில் வெடித்த தோல் வழியாகத்தான் குரோமியம் சுலபமாக உள்ளே போகிறது. வெடிப்பை அலட்சியம் செய்தால் ஒவ்வாமைக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

இன்னொரு குறிப்பு: குரோம் உப்பில் பதனிட்ட தோல் கிளவுஸ், தோல் ஷூ போட்டாலும் அவர்களுக்குச் சொறி வரும். "சிமெண்ட்டைத் தொடவே இல்லை, காலில் வருகிறது" என்றால் ஷூவைப் பாருங்கள்.

#5 ரசமட்டம்

இது புதுத் தகவல், நன்றி டாக்டர். ஒரு துணைக் கேள்வி. பிபிசி சிமெண்ட்டுக்கு (சாம்பல் கலந்த வகை) மாறினால் இந்தக் குரோமியம் குறையுமா? வெள்ளை சிமெண்ட்?

#6 கிளிங்கர்

சிமெண்ட் வேதியியல் பக்கம் நான்.

குரோமியம் யாரும் சேர்ப்பதில்லை. சுண்ணாம்புக்கல், களிமண் இவற்றில் இயல்பாகவே துளி உண்டு. சூளையின் உள்பூச்சுச் செங்கல், அரவை ஆலையின் உருளை, குண்டு தேய்மானத்திலிருந்தும் வரும். சூளையின் சூட்டில் ஆக்சிஜனும் காரமும் சேர்ந்து ஒரு பகுதியை ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாற்றிவிடும். அதுதான் தண்ணீரில் கரையும்.

பிபிசியில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல். கிளிங்கர், அதாவது சூளையில் சுட்டெடுத்து அரைக்கும் கட்டி, அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே கிளிங்கர் வழி வரும் குரோமியம் ஓரளவு குறையலாம். இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்ட்டிலும் அப்படியே. வெள்ளை சிமெண்ட்டின் மூலப்பொருள் இரும்பும் குரோமியமும் குறைந்ததாகத் தேர்ந்தெடுப்பதால் அதில் மிகக் குறைவு. ஆனால் மூன்றிலும் காரம் அப்படியேதான். பிஎச் 12-க்குக் கீழே போகும் என்று நினைத்துக் கிளவுஸைக் கழற்ற வேண்டாம். டைல்ஸ் ஒட்டும் பசை, சுவர்ப் பட்டி இரண்டும் சிமெண்ட் கலந்தவைதான். பளிச்சென்று வெள்ளையாக, வாசனை இல்லாமல் இருப்பதால் பெயின்டர்கள் வெறுங்கையால் குழைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே உண்டு. 2005 ஜனவரி முதல், கையால் புழங்கும் சிமெண்ட்டில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் உலர் எடையில் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டென்மார்க் 1980-களிலேயே தொடங்கிவிட்டது. அங்கே கட்டுமானத் தொழிலாளர்களிடம் குரோமிய ஒவ்வாமை அதன்பின் கணிசமாகக் குறைந்தது. வழி ரொம்ப எளிது: அரவையின்போது இரும்பு சல்பேட் சேர்ப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று தருகிறார்களே, அதே பொருள். அது ஆறு இணைதிறனை மூன்றாகக் குறைத்துவிடும். மூன்று தண்ணீரில் கரையாது, தோலுக்குள்ளும் எளிதில் போகாது. அந்த நாட்டு மூட்டைகளில் பேக்கிங் தேதியும், எத்தனை நாள்வரை இந்தப் பாதுகாப்பு செல்லும் என்பதும் அச்சிட்டிருக்கும், ஏனென்றால் ஈரக் காற்றில் அன்னபேதி மெல்லச் செயலிழக்கும்.

நம்மூர் மூட்டையில் பொதுவாக அந்த வாசகத்தைப் பார்க்க முடியாது. குறைத்தது என்று எழுதியிருந்தால் ஒழிய, குறைக்காதது என்றே வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

#7 தூக்குக்குண்டு

அப்போ நாமளே ஒரு பிடி அன்னபேதியைக் கலவைத் தண்ணியில போட்டுட்டா?

#8 கிளிங்கர்

வேண்டாம். ஆலையில் அந்தந்தத் தொகுதியின் குரோமிய அளவை அளந்து, அதற்கேற்ப டன்னுக்கு இத்தனை கிலோ என்று அரவையில் சீராகத் தூவுகிறார்கள். தளத்தில் பிடிக் கணக்கில் போட்டால் ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. பூச்சில் துருக்கறை இறங்கும். சல்பேட் அளவு ஏறினால் இறுகும் நேரமும் மாறும்.

#9 மூலைமட்டம்

தளப் பாதுகாப்பு வேலை. கண் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதை முடித்துவிடுகிறேன்.

காரம் கண்ணில் பட்டால் நேரம்தான் மருந்து. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் தளத்திலேயே கழுவ வேண்டும், 20 நிமிடம் முழுதாக. கண் கழுவும் கருவிக்கான அமெரிக்கத் தரத்தில் குறைந்தபட்ச ஓட்டம் நிமிடத்துக்கு 1.5 லிட்டர். 20 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 30 லிட்டர். உங்கள் தளத்துக்குக் குடிதண்ணீர் 20 லிட்டர் கேனில்தானே வருகிறது? இரண்டு கேன் "கண்ணுக்கு மட்டும்" என்று எழுதி நிழலில் தனியாக வையுங்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு மேடை, கேனில் குழாய் பொருத்தி ஒரு மீட்டர் மிருதுவான டியூப். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். தொட்டித் தண்ணீர், க்யூரிங் தண்ணீர், சட்டி கழுவிய டிரம் எதுவும் கண்ணுக்கு ஆகாது. அதில் ஏற்கெனவே காரம் இருக்கிறது.

முறை: பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாயுங்கள், இல்லாவிட்டால் நல்ல கண்ணுக்கும் ஓடும். தானாகக் கண் திறக்க மாட்டார். இன்னொருவர் சுத்தமான விரலால் மேல், கீழ் இமையை விலக்கிப் பிடிக்க வேண்டும். மேல் இமைக்கு அடியில்தான் மணல், கட்டி ஒளிந்திருக்கும். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓட விடுங்கள். தேய்க்கக் கூடாது. முந்தானை நுனியை உருட்டி எடுப்பது, நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் நிறுத்துங்கள். பிறகு கண் மருத்துவர், அன்றைக்கே. போகும் வழியிலும் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகலாம்.

வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு, குறிப்பாக நீற்றாத கல்சுண்ணாம்பு, சிமெண்ட்டைவிட இதில் மோசம். தளத்தில் குழந்தைகள் சுற்றுகிறார்கள் என்றால் சுண்ணாம்புத் தொட்டி மூடியே இருக்க வேண்டும்.

மேல்தளத்தின் அடிப்பூச்சு, அதாவது தலைக்கு மேல் வேலை செய்யும்போது, சாதாரண கண்ணாடி போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் காகிள்ஸ் வேண்டும். கிளவுஸ் விஷயத்திலும் அங்கே ஒரு மாற்றம் உண்டு: கீழ்நோக்கி வேலை என்றால் சட்டைக் கை கிளவுஸுக்கு வெளியே இருக்கட்டும். தலைக்கு மேல் வேலை என்றால் கிளவுஸ் வெளியே, நுனியை ஒரு மடிப்பு மடித்து விடுங்கள். வழியும் பால் அந்த மடிப்பில் நிற்கும், முழங்கைக்கு ஓடாது.

#10 கரணை

நல்லா சொன்னீங்க. தோலுக்குக் கழுவ வினிகர் வைக்கச் சொல்வாங்களே, அதையும் பட்டியல்ல சேர்க்கலாமா?

#11 மூலைமட்டம்

இதில் இரண்டு கட்சி உண்டு. அமெரிக்கக் கட்டுமானப் பயிற்சிக் கையேடுகளில் கழுவிய பிறகு மிச்சக் காரத்தைப் போக்க நீர்த்த வினிகர் சொல்வார்கள். பிரிட்டன் பக்கம் தண்ணீரும் சோப்பும்தான். என் நிலை: முதலில் தண்ணீர், நிறையத் தண்ணீர். வினிகர் அதற்குப் பிறகு, கீறல் இல்லாத தோலுக்கு மட்டும், ரொம்ப நீர்த்து. புண் மேல் கூடாது, கண்ணுக்கு ஒருபோதும் கூடாது. எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்ப்பது கூடவே கூடாது. வெடிப்பில் அது தனிக் கொடுமை. வினிகர் பாட்டில் இருந்தால் கழுவுவதைச் சுருக்கிக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கு உண்டு, அதனால் தளத்தில் வைப்பதில்லை.

சோப்பும் கவனிக்கணும். துணி துவைக்கும் பார் சோப்பே காரம். குளிக்கும் கட்டிச் சோப்பும் பிஎச் 9, 10 இருக்கும். நடுநிலை பிஎச் திரவ சோப்பு வாங்குங்கள். கையில் ஒட்டிய கலவையைப் போக்க மண்ணெண்ணெய், தின்னர் உபயோகிப்பது சிமெண்ட் செய்ததைவிட அதிகமாகத் தோலை வறட்டும்.

கிளவுஸைக் கழற்றும் முறையும் இருக்கிறது. போட்டபடியே வெளிப்பக்கத்தைக் கழுவி, பிறகு கழற்றி, கையைக் கழுவி, துடைத்து, அதன்பின் சாப்பாடு. திரும்பப் போடுமுன் கை சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். அழுக்குக் கையோடு கிளவுஸ் போட்டால் வெறுங்கையைவிட மோசம்: சிமெண்ட், வியர்வை, சூடு மூன்றும் உள்ளே அடைபடும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க கிளவுஸின் வாயைச் சுருட்டி காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்குங்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒன்று காயும்போது ஒன்று கையில்.

@தூக்குக்குண்டு, உங்கள் மணியாசுக் கொத்தனாருக்கு: அளவான மெல்லிய பின்னல் வைத்த நைட்ரைல் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அதுவும் ஒத்து வராவிட்டால், விரல் வேலை வரும் சில நிமிடங்களுக்கு மட்டும் கழற்றி, உடனே கழுவச் சொல்லுங்கள். கழுவ வாளி அவர் சாரத்திலேயே தொங்க வேண்டும். கீழே இறங்கிக் கழுவு என்றால் யாரும் இறங்க மாட்டார்கள். வாளித் தண்ணீர் பால் நிறம் ஆகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். அதே தண்ணீரில் பத்து தடவை கழுவுவது காரத்தில் முக்கி எடுப்பதுதான்.

#12 தூக்குக்குண்டு

சாரத்துல வாளி நல்ல யோசனை. இதுக்கு ஒத்துக்குறேன்.

#13 சல்லடை

தூசிக்கு வருகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் தூசி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயைக் காரத்தால் எரிக்கும், நாள்பட்டால் மூச்சிரைப்பு. ஆனால் சிலிகோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய், கொண்டுவருவது பெரும்பாலும் சிமெண்ட் இல்லை. போர்ட்லேண்ட் சிமெண்ட்டில் படிகச் சிலிக்கா மிகக் குறைவு. ஆபத்து மணலில், ஜல்லியில், இறுகிய கான்கிரீட்டை வெட்டும்போது. அதாவது மூட்டை பிரிக்கிற ஆளைவிட, குழாய்க்குச் சுவரில் காடி வெட்டுகிற பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டட ஆள் கணக்கிலேயே யாரும் சேர்ப்பதில்லை.

அமெரிக்காவில் 2016-இல் வந்த விதிப்படி, 8 மணி நேரச் சராசரியில் சுவாசிக்கக்கூடிய சிலிக்கா ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. 50 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. மூடிய அறையில் கட்டிங் மெஷினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் அந்த வரம்பு சில நிமிடங்களில் பல மடங்கு தாண்டும். கண்ணுக்குத் தெரிகிற புழுதி கீழே விழுந்துவிடும். தெரியாத, சில மைக்ரான் அளவுத் தூசிதான் நுரையீரலின் கடைசி அறை வரை போய்த் தங்குகிறது. சிலிகோசிஸுக்கு மருந்து கிடையாது. காசநோய் பிடிக்கும் வாய்ப்பையும் அது கூட்டும். சளியோடு வரும் கட்டடத் தொழிலாளியிடம் காசநோய்ப் பரிசோதனையோடு "காடி வெட்டுவீர்களா, கல் உடைப்பீர்களா" என்றும் கேட்க வேண்டும்.

எம் சாண்ட் பற்றித் தனியாக. ஆற்றுமணலில் நுண்தூள் கழுவிப் போயிருக்கும். எம் சாண்ட் உடைத்த கருங்கல். 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 20 சதவீதம் வரை இந்தியத் தரமான ஐஎஸ் 383 அனுமதிக்கிறது. கல்லில் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, உண்டு. லாரி கொட்டும்போதும், பூச்சுக்குச் சலிக்கும்போதும் கிளம்புவது அதுதான். கொட்டிய உடனே குவியலை நனைத்து, மேலே தார்ப்பாய். ஈரத்தில் சலிக்க முடியாது என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மாஸ்க்கோடு.

மூட்டை பிரிக்கும் விதம்: மண்வெட்டியால் நடுவில் வெட்டி, தூக்கி உதறுவது நம் வழக்கம். அந்த உதறலில்தான் தூசியில் பெரும்பங்கு. கலவை போடுமிடத்தில் மூட்டையைப் படுக்க வைத்து, கீழ்ப்பக்கம் நீளவாக்கில் கத்தியால் அறுத்து, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக மேலே எடுங்கள்; சிமெண்ட் கீழேயே தங்கிவிடும். காலி மூட்டையை உதறாமல் சுருட்டுங்கள். மூட்டை இறக்கும்போது கொக்கி போட்டால் பை கிழியும். கையால் அல்லது தள்ளுவண்டியில்.

மிக்சரில் போடும் வரிசை: முதலில் கொஞ்சம் தண்ணீர், ஜல்லியில் பாதி, பிறகு மணல், சிமெண்ட், மேலே மிச்ச ஜல்லி, மிச்சத் தண்ணீர். உலர்ந்த டிரம்மில் சிமெண்ட்டை முதலில் கொட்டினால் தூசியும் பறக்கும், சுவரில் ஒட்டி வீணாகவும் போகும்.

மாஸ்க்: கைக்குட்டை, துண்டு, நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் மூன்றும் நுண்தூசிக்குப் பயன்படாது. ஓரத்தில் காற்று புகும். மூட்டை, மிக்சர் வேலைக்கு ஐஎஸ் 9473 முத்திரை உள்ள எஃப்எஃப்பி2 வகைத் தூசி மாஸ்க் போதும். காடி வெட்டுவது, கான்கிரீட் உடைப்பது, பட்டியை உப்புத்தாளால் தேய்ப்பது என்றால் எஃப்எஃப்பி3. வார் இரண்டும் தலைக்குப் பின்னால் போக வேண்டும். காதில் மாட்டும் வகை முகத்தில் ஒட்டாது. மூக்குக் கம்பியை அழுத்தி, இரண்டு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். கண் பக்கம் காற்று வந்தால் பொருந்தவில்லை. தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முழுதாக ஒட்டாது. நனைந்துவிட்டால், மூச்சு இழுக்கக் கஷ்டமானால் தூக்கிப் போடுங்கள். துவைக்கக் கூடாது.

ஆனால் மாஸ்க் கடைசி வழி. காடிக்குத் தண்ணீர் ஊற்றும் அமைப்பு உள்ள மெஷின், அல்லது உறை போட்டு வாக்குவம் இணைக்கும் மெஷின் வாடகைக்கு எடுங்கள். சாதாரண கட்டிங் மெஷினில் ஒருவர் பாட்டிலில் தண்ணீர் ஊற்ற, ஒருவர் வெட்டுவது ஷாக் அடிக்க நேர்வழி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஈரத்தில் மின்கருவி ஓட்டாதீர்கள். பெருக்கும் முன் தரையை நனையுங்கள். சட்டைத் தூசியைக் கம்பரசர் காற்றால் ஊதுவது தூசியைத் திரும்ப மூக்குக்கே அனுப்புவது.

#14 ரசமட்டம்

காடி வெட்டுகிறவர்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சேர்த்துக்கொள்கிறேன். மூட்டை தூக்குவது பற்றி யாராவது? முதல் மாடிக்கு ஆள் தலைச்சுமையாகத்தான் ஏற்றுகிறார்கள்.

#15 மூலைமட்டம்

50 கிலோ மூட்டை ஒருவர் தூக்கும் பொருளே இல்லை. 1998 மத்தியக் கட்டுமானத் தொழிலாளர் விதிகளில் ஒருவர் துணையில்லாமல் தூக்கக்கூடிய எடை ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ. இதன்படி பார்த்தாலே சித்தாள் தலையில் முழு மூட்டை ஏற்றுவது விதிமீறல். அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனத்தின் கணக்கோ, எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோவில்தான் தொடங்குகிறது. பிரிட்டனில் மூட்டையே 25 கிலோ.

உங்கள் தளத்தில்: மூட்டையை மாடிக்கு ஏற்றாதீர்கள். கீழே கலந்து கலவையாக ஏற்றுங்கள், கப்பி அல்லது சின்ன ஹாய்ஸ்ட் வைத்து. மூட்டையே ஏற வேண்டுமென்றால் கீழேயே பாதி பாதியாகப் பிரித்து இரண்டு பையில். நகர்த்த இரண்டு பேர் அல்லது தள்ளுவண்டி. அடுக்கும்போது 10 மூட்டைக்கு மேல் வேண்டாம். அடிமூட்டை இறுகும், அடுக்கும் சரியும். தரையிலிருந்து பலகை போட்டு அரை அடி உயரம், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. இடுப்பு உயரத்தில் இருக்கும் மூட்டையை எடுப்பது முதுகுக்கு லேசு, அதனால் தரையை ஒட்டிய கடைசி இரண்டு வரிசையை இரண்டு பேர் சேர்ந்து எடுக்கச் சொல்லுங்கள்.

#16 கரணை

தரை வேலைக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. தரைப்பூச்சுல முழங்கால் போட்டு உட்கார்ந்து தேய்க்கும்போது வேட்டி, பேண்ட் துணி பாலைக் குடிச்சு மணிக்கணக்கா முழங்கால்ல ஒட்டும். சிமெண்ட் சுடுற இடத்துல முழங்கால் முக்கியமானது. ஒரு சதுரப் பலகை மேல முழங்கால் போடணும், இல்லாட்டி தண்ணி இறங்காத முழங்கால் பேட். துணி நனைஞ்சா அப்பவே மாத்தணும், மாத்துத் துணி தளத்துலயே இருக்கட்டும்.

கான்கிரீட் தளம் போடுற அன்னைக்கு கம்பூட்ஸ் எல்லாருக்கும், வைப்ரேட்டர் பிடிக்கிற ஆளுக்குக் கண்டிப்பா. பேண்ட் பூட்ஸுக்கு வெளிய, உள்ள சொருகக் கூடாது. சொருகினா புனல் மாதிரி ஆயிடும். உள்ள பால் இறங்கிட்டா "இன்னும் ரெண்டு சட்டிதான்"னு நிக்கக் கூடாது. கழட்டி, கழுவி, காலுறை மாத்தி, அப்புறம்தான்.

#17 ரசமட்டம்

சரி, வாங்கப்போவது இது: முழுக்க முக்கிய நைட்ரைல் 8 ஜோடி, பிவிசி 16 ஜோடி, கம்பூட்ஸ் 12, காகிள்ஸ் 6, எஃப்எஃப்பி2 ஒரு பெட்டி, எஃப்எஃப்பி3 பத்து, கண் கேன் 2, நடுநிலை சோப்பு, குழாய் வைத்த 200 லிட்டர் டிரம் ஒன்று. விட்டது உண்டா?

#18 சல்லடை

காகிள்ஸை ஆளுக்கு ஒன்றாக்குங்கள், கண் நோய் பரவும். எஃப்எஃப்பி3 பத்து காடி வேலைக்கே பத்தாது.

#19 தோல்மருத்துவம்

வாசலின் ஒரு டப்பாவும், உள்ளே போடும் பருத்தி லைனர் கிளவுஸும் சேருங்கள். லைனரைத் தினமும் துவைக்க வேண்டும். வேலைத் துணியை வீட்டில் குழந்தைகள் துணியோடு ஊறவைக்க வேண்டாம் என்று சித்தாள்களிடம் தனியாகச் சொல்லுங்கள். முடிந்தால் தளத்திலேயே மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம். அது இல்லாததால்தான் பெண்கள் நனைந்த துணியோடே நாள் முழுக்க இருக்கிறார்கள்.

#20 மூலைமட்டம்

காலிச் சாக்கு. மழையில் அதைக் கொங்காணியாகத் தலையில் போடுவதும், மத்தியானம் விரித்துப் படுப்பதும், வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி, பருப்பு கட்டுவதும் உண்டு. நனைந்த சாக்கு தலையிலும் கழுத்திலும் அதே காரத்தை இறக்கும். மழைக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோட் வாங்கிக் கொடுத்துவிட்டு, காலிச் சாக்கை அன்றன்றே எண்ணிக் கட்டி ஓரமாக வைத்து, பழைய சாக்குக்காரரிடம் போட்டுவிடுங்கள். மிக்சர் கழுவிய தண்ணீர் தெருச் சாக்கடைக்கோ கிணற்றுப் பக்கமோ போகக் கூடாது. ஒரு குழி வெட்டித் தேங்க விட்டு, தெளிந்த தண்ணீரை அடுத்த கலவைக்கே எடுத்துக்கொள்ளலாம். அடியில் இறுகியதை நிரவலுக்குப் போடலாம். குழியைச் சுற்றி கயிறு கட்டுங்கள்.